பக்கெட்டைக் கொட்டாமல் வைத்திருந்த தம்பிக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

என் மகளுக்குப் பதினேழு வயது. போன வருஷம் அவள் வயிற்றிலிருந்து 16 செ.மீ. கட்டியை வலது சினைப்பையோடு எடுத்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'முதிராத டெரடோமா' என்று கட்டியின் பெயர் இருந்தது, அது எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் எண்ணான கிரேடு இல்லை. கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அந்த எண்தான் முக்கியம் என்றார் புற்றுநோய் டாக்டர்.

ஸ்லைடுகளை வேறொரு நோய்க்குறியியல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். பார்த்துவிட்டு, "மிச்சக் கட்டி எங்கே?" என்றார். அவ்வளவு பெரிய கட்டியிலிருந்து ஆறு பிளாக்தான், அதாவது மெழுகில் பதித்த ஆறு துண்டுதான், எடுத்திருந்தார்களாம். இந்த வகைக் கட்டியில் சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாவது எடுத்துப் பார்க்க வேண்டும். நான் தையல்காரி, ஓரத்தை மட்டும் நனைத்துப் பார்த்து முழுத் துணியும் சாயம் போகாது என்று சொல்ல மாட்டேன். உடனே புரிந்தது.

பழைய ஆய்வகத்துக்கு ஓடினேன். மாதம் ஒன்று தாண்டியிருந்தது, மிச்சக் கட்டியைக் கொட்டியிருப்பார்கள் என்றே நினைத்தேன். அங்கே உதவியாளராக இருக்கும் தம்பி, கட்டி கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றி வைத்திருந்த பக்கெட்டை அலமாரிக்கு அடியிலிருந்து இழுத்தார். "கிரேடு போடலையேம்மா, அதான் கொட்டல." தம்பி, அந்த நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கும் நன்றி. முடி, தோல், குருத்தெலும்பு எல்லாம் கலந்து கிடக்கும் அந்தக் கட்டியில், கருவிலே நரம்பாக வளர வேண்டிய திசு முதிராமல் எவ்வளவு நிற்கிறது என்றுதான் அளப்பார்களாம். அது அதிகமாக இருக்கிற ஸ்லைடை நுண்ணோக்கியின் 4 மடங்கு லென்ஸில் வைத்து, மொத்தமும் அதில் தெரிகிற ஒரு வட்டத்துக்குள் அடங்கினால் கிரேடு 1, மூன்று வட்டம் வரை 2, அதற்கு மேலே போனால் 3. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வட்டம் போட்டே விளக்கினார். "இன்னும் தேடினால் கிரேடு கூடவும் கூடலாம், தெரிஞ்சுக்கோங்க" என்று முன்கூட்டியே சொன்னதற்குத் தனி நன்றி. நாலு நாள் தூங்கவில்லை, அது வேறு கதை.

இன்னும் பன்னிரண்டு பிளாக். அத்தனையையும் மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றிய டெக்னீஷியன் அக்காவை நான் பார்த்ததே இல்லை. அக்கா, உங்களுக்கும்தான்.

கிரேடு 1. கட்டியின் உறை உடையவில்லை, வெளியே எங்கும் பரவவில்லை. கீமோ வேண்டாம் என்றார்கள், கட்டி திரும்புகிறதா என்று கவனிக்க ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் மட்டும் தொடர்கின்றன. இடது சினைப்பை பத்திரமாக இருக்கிறது. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

தம்பி, அடுத்த பரிசோதனைக்கு உங்கள் பக்கம்தான் வருகிறோம். சட்டைக்கு அளவெடுக்க டேப் கொண்டுவருகிறேன், மறுக்கக் கூடாது.