முதுகைப் பார்

அன்புள்ள கண்ணனுக்கு,

பார்வதி வெண்கலச் சிலையின் படத்தை அனுப்பி, "சோழர் காலம்தானேப்பா?" என்று கேட்டாய். மூன்று வாரமாகப் பேச்சே இல்லை. இங்கே எல்லாரும் நலம். மாடி வேலை முடிந்தது.

முன்பக்கம் மட்டும் எடுத்திருக்கிறாய். முதுகைப் பார். முகத்துக்கு மெனக்கெடுகிற நகல்காரன் பின்பக்கம் போவதற்குள் சலித்துவிடுவான். முதுகெலும்புப் பள்ளம் வெறும் கோடாகிவிடும், தோளில் புரளும் சுருள்முடி கயிறாகிவிடும். சோழ வார்ப்பில் நகையின் பெரும்பகுதி, உலோகம் ஊற்றுவதற்கு முன் மெழுகு உருவத்திலேயே வடித்தது. கோட்டின் விளிம்பு மழுங்கி உடம்போடு படிந்திருக்கும். வார்த்தபின் உளியால் வெட்டியது கூராக நிற்கும், விரலில் உரசும்.

பூசையில் இருந்த திருமேனிக்கு மூக்கு, உதடு, மார்பு, முழங்கால் எல்லாம் அபிஷேகத்தில் தேயும். காதுக்குப் பின்னால் நகாசு அப்படியே இருக்கும். உன் பார்வதி எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறாள். களிம்பும் பெயின்ட் அடித்ததுபோல் ஒரே பச்சை. ஈரப் பஞ்சால் துடைத்துப் பார். முதுகையும் பார்.

நகல் என்றால் பணத்தோடு போயிற்று. நிஜமாகவே பழசு என்றால்தான் எனக்குத் தூக்கம் வராது. எந்தக் கோயிலுடையது? பத்திரம் இருக்கிறது என்பாய். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் வாங்கிய ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜருக்கும் பத்திரம் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த படம், திருட்டுச் சிலை என்று காட்டிக்கொடுத்தது. 2014ல் திருப்பிக் கொடுத்தார்கள். இவ்வளவு படித்த உனக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண் இல்லாதவன் இல்லை நீ. தஞ்சைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் நின்று, "இவர் எதுமேல கை வச்சிருக்கார்?" என்று கேட்டபோது உனக்கு எட்டு வயது. சிவன் சாய்ந்து நிற்கும் காளை அங்கே இல்லை. அந்தரத்தில் நிற்கும் அந்தக் கையும் இடுப்பின் ஒசிவுமே காளையின் உயரத்தைச் சொல்லிவிடும். அதை நீயாகக் கண்டுபிடித்தாய். நான் என்ன செய்தேன்? "பலகையைப் படி, 1011னு போட்டிருக்கு பார்" என்று உன் தலையைத் திருப்பினேன். அதற்கப்புறம் எந்தக் கூடத்துக்குப் போனாலும் பலகையைப் படித்துவிட்டுத்தான் சிலையைப் பார்த்தாய். இன்றைக்குப் பத்திரத்தைப் படித்துவிட்டுப் பார்க்கிறாய். பழக்கிவிட்டது நான்தான்.

பின்பக்கம் ஒன்று, பீடத்துத் துளைகள் தெரிய ஒன்று, இரண்டு படம் அனுப்பு. வெயில் பக்கவாட்டில் விழும்போது எடு, ஃபிளாஷ் வேண்டாம்.

பணம் கொடுத்துவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா