ஹைபிரிட் காரின் கியர் பொக்ஸ் ஒயில் 'ஆயுள்கால ஒயில்' அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் நம் வீதிகளில் ஓடும் டொயோட்டா ஹைபிரிட்களான அக்வா, அக்சியோ, பிரியஸ் எல்லாவற்றுக்கும் ஐந்து வயது கூடிவிட்டது. இன்றைய விலையில் இன்னொரு கார் வாங்குவது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆகாத காரியம். இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். ஹைபிரிட் பற்றரியைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். கியர் பொக்ஸுக்குள் கிடக்கும் ஒயிலைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், "அது ஆயுள்கால ஒயில், கை வைக்கத் தேவையில்லை" என்ற பதில்தான் பல கராஜ்களில் கிடைக்கிறது. அந்தப் பதில் பிழையானது. இந்த ஒயிலை மாற்ற வேண்டும்; பொறுமையும் சரியான சாவியும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே மாற்றலாம்.

டொயோட்டா ஹைபிரிட்டின் கியர் பொக்ஸில் கிளட்ச் இல்லை, இஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியே கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டர் இல்லை, பெல்ட்டும் இல்லை. பிளனட்டரி கியர் (நடுப் பற்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள் சுழலும் அமைப்பு), இரண்டு மின் மோட்டர்கள், சில பற்சக்கரங்கள், அவ்வளவுதான். இவை அனைத்தும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் ஒரே ஒயிலில் நனைந்தபடி சுழல்கின்றன. அந்த ஒயிலுக்குப் பற்களை வழுவழுப்பாக வைத்திருப்பது மட்டும் வேலையல்ல. மோட்டர்களின் செப்புச் சுருள்களில் எழும் சூட்டை வாங்கி வெளிக்கூட்டுக்குக் கொண்டுபோவதும் அதுதான். அந்தச் சுருள்களுக்குப் போகும் மின்னழுத்தம், 2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் உச்சமாக 650 வோல்ற். பற்கள் தேய்ந்து விழும் இரும்புத் தூளும் சூட்டில் கருகிய ஒயிலும் அந்தச் சுருள்களின் மேலேயே ஓடிக்கொண்டிருப்பது நல்லதல்ல. மின்காப்புக் குறைந்தால் பி0ஏஏ6 என்ற பிழைக் குறியீடு வரும். அதற்குப் பற்றரி, ஏசி கொம்ப்ரசர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் காரணம் மோட்டர் சுருளாக இருந்தால் கியர் பொக்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டிவரலாம். அந்தச் செலவோடு பார்த்தால் ஒரு ரின் ஒயிலின் விலை மிகச் சிறியது.

எப்போது மாற்றுவது? 80,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை என்பது என் பரிந்துரை. ஒரு லட்சத்தைத் தாண்ட விடவே கூடாது. புதிய பற்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தில்தான் தூள் அதிகம் உதிரும் என்பதால் முதல் மாற்றம்தான் மிக முக்கியமானது. பாவித்த நிலையில் இறக்குமதியாகி, கிலோமீற்றர் கணக்கை நம்ப முடியாத வாகனமென்றால் கணக்குப் பார்க்காமல் இப்போதே மாற்றிவிடுங்கள். டோர்க் கொன்வேர்ட்டர் இல்லாததால் அடியிலுள்ள வடிக்கும் நட்டைக் கழற்றியதும் ஏறக்குறைய முழு ஒயிலும் வடிந்துவிடும். எனவே மெஷின் பூட்டி 'ஃப்ளஷ்' செய்ய வேண்டும் என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தக் கியர் பொக்ஸுக்கு அது தேவையே இல்லை.

எந்த ஒயில் என்பதில்தான் மிகப் பெரிய பிழை நடக்கிறது. இந்தக் கார்களின் விவரத்தாளில் கியர் பொக்ஸ் வகை 'சிவிடி' அல்லது 'ஈ-சிவிடி' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு சிவிடி ஒயில் ஊற்றுகிறார்கள். சிவிடி என்பது பெல்ட்டில் ஓடும் ஒட்டோ கியர் பொக்ஸ்; அதன் ஒயில், உருக்கு பெல்ட் வழுக்காமல் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டது. இங்கே பெல்ட்டே இல்லை. இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் முதல் அக்வா, அக்சியோ ஹைபிரிட், மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிரியஸ் வரை டொயோட்டா கேட்பது ஏடிஎஃப் டபிள்யூஎஸ் (ATF WS) என்ற ஒட்டோ கியர் பொக்ஸ் ஒயில். கடையில் வெறுமனே 'கியர் ஒயில்' என்று கேட்டால் 90ஆம் இலக்கத் தடித்த ஒயிலைத் தந்துவிடுவார்கள். 'எல்லா வாகனத்துக்கும் பொது' என்று போத்தலில் அச்சிட்ட ஏடிஎஃப் வகைகளையும் இந்த வேலைக்கு நான் சொல்லமாட்டேன். செப்புச் சுருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒயிலில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதில் பயனில்லை. முத்திரை உடையாத ரின்னை, பற்றுச்சீட்டுத் தரும் கடையில் வாங்குங்கள்.

அளவு: மூன்றாம் தலைமுறைப் பிரியஸுக்கு 3.4 லீற்றர், இரண்டாம் தலைமுறைக்கு 3.8 லீற்றர். அக்வாவும் அக்சியோ ஹைபிரிட்டும் ஏறத்தாழ மூன்றரை லீற்றர் கொள்ளும். எதுவானாலும் 4 லீற்றர் போதும். வடிக்கும் நட்டு, நிரப்பும் நட்டு இரண்டுக்கும் புதிய அலுமினிய வாசர்கள் வேண்டும். பழைய வாசர் ஏற்கெனவே நசுங்கியது. அதையே திரும்பப் போட்டால் கசிவு வரலாம். பெரும்பாலானவற்றில் நட்டுகள் 10 மில்லிமீற்றர் அலன் வகை, அதாவது தலையில் அறுகோணத் துளை உள்ளவை. சில மாதிரிகளில் வெளியே அறுகோணத் தலை இருக்கும் என்பதால் முதலில் குனிந்து பார்த்துவிட்டுச் சாவி தேடுங்கள். வளைந்த சின்ன அலன் கீயை விட, நீண்ட கைபிடியில் பூட்டும் அலன் சொக்கற்தான் நல்லது. இவை தவிர ஒன்றரை மீற்றர் நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ரியூப், புனல், அளவுக் கோடு போட்ட பாத்திரம், இரண்டு ஜக் ஸ்டாண்ட் (நாலு சக்கரத்தையும் உயர்த்துவதானால் நாலு), சக்கரத்துக்குக் கட்டை ஆகியவையும் தேவை.

தொடங்குமுன் பாதுகாப்பு. ஹைபிரிட் காரில் 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சத்தமே இல்லாமல் நின்றாலும் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். பற்றரி இறங்கியதும் இஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். பவர் பட்டனை அணைத்து, ஸ்மார்ட் கீயை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவேண்டிய தேவை இந்த வேலையில் எங்குமே வராது. 'பி' நிலை முன் சக்கரங்களை மட்டுமே பூட்டும். முன்பக்கத்தை உயர்த்தினால் காரைப் பிடித்து வைத்திருப்பது பின் சக்கரத்துப் பார்க்கிங் பிரேக் மட்டும்தான். பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல் அடியில் படுக்கக் கூடாது. ஜக்கை மட்டும் நம்பிப் படுப்பது உயிரோடு விளையாடுவது.

பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டி ஒயிலை இளஞ்சூடாக்கிக்கொள்ளுங்கள். காருக்கு முன்னால் நின்று பார்த்தால் உங்கள் வலக்கைப் பக்கம், அதாவது பயணி அமரும் பக்கத்தில் கியர் பொக்ஸ் இருக்கும். சாரதி பக்கம் இருப்பது இஞ்சின். அடிமூடியின் கிளிப்களையும் 10 மில்லிமீற்றர் போல்ட்களையும் கழற்றினால் எல்லாம் தெரியும். அவசர சேர்விஸில், இஞ்சின் ஒயில் என்று நினைத்துக் கியர் பொக்ஸ் ஒயிலை வடித்துவிட்டு, இஞ்சினுக்கு மேலும் நாலு லீற்றர் ஊற்றி அனுப்பிய சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இஞ்சினில் இரண்டு மடங்கு ஒயில், கியர் பொக்ஸில் ஒன்றுமே இல்லை. அந்தக் கார் வெகுதூரம் போகாது.

நிரப்பும் நட்டு கூட்டின் முன் முகத்தில், ரேடியேற்றரைப் பார்த்தபடி இருக்கும். முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான். ஒயிலை வடித்த பிறகு நிரப்பும் நட்டு இறுகிப்போய் வராமல் நின்றால் கார் முற்றத்திலேயே கிடக்கும். சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஒரு சிட்டிகை மணலும் உள்ளே போகக் கூடாது. அலன் துளைக்குள் அடைந்த அழுக்கைச் சுரண்டி எடுத்து, சொக்கற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டி முழுவதும் இறக்குங்கள். அரைகுறையாக இறங்கிய சாவிதான் நட்டின் துளையை வட்டமாக்கிவிடும்.

அடுத்தது அடியில் உள்ள வடிக்கும் நட்டு. இங்கே மிகுந்த கவனம் வேண்டும். பிரியஸில், பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டரைக் குளிர்விக்கும் கூலன்ற் கியர் பொக்ஸ் கூட்டுக்குள்ளும் சுற்றி வருகிறது. அதை வடிக்கவும் பக்கத்திலேயே இன்னொரு நட்டு உண்டு. பிழையான நட்டைத் திறந்தால் இளஞ்சிவப்பு நிறத்தில், தண்ணீர்போல மெல்லிய திரவம் பாய்ந்து வரும். அப்படி வந்தால் உடனே மூடுங்கள். போன அளவுக்கு டொயோட்டாவின் இளஞ்சிவப்பு சூப்பர் லோங் லைஃப் கூலன்ற்றை இன்வேர்ட்டர் தாங்கியில் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். காற்று நின்றால் இன்வேர்ட்டர் சூடேறி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, கார் வலுவிழக்கும். சரியான நட்டென்றால் வருவது வழுவழுப்பான ஒயில். ஒரு லட்சம் ஓடியதில் அது கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது கையில் குத்தும் உலோகச் சிதறல்களுக்கும் கருகிய வார்னிஷ் வாடைக்கும். அவை இருந்தால் ஒயில் மாற்றியதோடு நிற்காமல், பிழைக் குறியீடுகளை வாசிக்கும் கருவியால் ஸ்கான் செய்து பார்க்க வேண்டும்.

வடிந்ததை அளந்து எழுதிவையுங்கள். மூன்று லீற்றருக்கும் குறைவாக வந்தால் ஒன்றில் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது முன்பு யாரோ குறைவாக ஊற்றியிருக்கிறார்கள்.

வடிக்கும் நட்டைப் புதிய வாசரோடு 39 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்குங்கள். டோர்க் ரென்ச் இல்லையென்றால், 20 சென்ரிமீற்றர் கைபிடியின் முனையில் ஏறத்தாழ 20 கிலோ எடை தொங்கும் அளவு பலம் போதும். உடம்பின் முழுப் பலத்தையும் கொடுத்தால் அலுமினியக் கூட்டின் புரி கழன்றுவிடும். அந்தப் புரியைத் திருத்துவது ஒயில் மாற்றுவதைவிடப் பத்து மடங்கு சிக்கல்.

ரியூபின் ஒரு முனையை நிரப்பும் துளைக்குள் விட்டு, மறு முனையை பொனட்டுக்கு மேலே இழுத்துப் புனல் பொருத்தி மெதுவாக ஊற்றுங்கள். துளையிலிருந்து வழியத் தொடங்கும்வரை ஊற்றுவதுதான் முறை. ஆனால் அது கார் மட்டமாக நிற்கும்போது மட்டுமே சரி. முன்பக்கம் உயர்ந்து நின்றால் ஒயில் பின்னால் சாயும். துளை வரை நிரப்பியதும் சரியென்று நினைப்பீர்கள். காரை இறக்கினால் அளவுக்கு மேலே நிற்கும். மிதமிஞ்சிய ஒயிலைப் பற்கள் அடித்து நுரையாக்கும்; நுரை சூட்டைக் கடத்தாது. ஆகவே குழி உள்ள இடத்தில் செய்வது மிகவும் வசதி. இல்லையென்றால் நாலு சக்கரத்தையும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அதுவும் முடியாதவர்கள் 3.3 லீற்றர் ஊற்றி, நட்டைக் கையால் மூடி, காரை மட்டமான தரையில் இறக்கிவிட்டு மிச்சத்தை ஊற்றலாம். துளையின் கீழ் விளிம்போடு ஒட்டியோ, சில மில்லிமீற்றர் கீழேயோ ஒயில் நின்றால் சரி. வளைத்த கம்பியையோ விரல் நுனியையோ விட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். நட்டைப் புதிய வாசரோடு அதே 39 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, சிறிது தூரம் ஓட்டி, ஆறவிட்டுக் கசிவையும் மட்டத்தையும் இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் அடிமூடியைப் பூட்ட வேண்டும்.

இது டொயோட்டாவுக்கு மட்டும் பொருந்தும். முதல் தலைமுறை ஹொண்டா வெசலின் ஹைபிரிட்டில் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பொக்ஸ். சுசுகி வகன் ஆர் ஹைபிரிட்டில் இருப்பது உருக்கு பெல்ட் போட்ட உண்மையான சிவிடி. இவை எதற்கும் மேலே சொன்ன ஒயிலும் செல்லாது, முறையும் செல்லாது. அவற்றை உரிய ஸ்கான் கருவி வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள்.

கடைசியாக, வடித்த பழைய ஒயில். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்துதான் வருகிறது. தரையில் ஊற்றியது அந்தப் பாறையின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் தீர்ப்பு வந்ததை நாம் மறந்திருக்க முடியாது. வேலியோரத்தில் கொட்டுவதையும், கறையானுக்கென்று மரத் தூணில் பூசுவதையும் விட்டுவிடுங்கள். ஒயில் வந்த ரின்னிலேயே பழையதை ஊற்றி மூடி, பழைய ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். வீட்டில் வேலை செய்பவர்கள் கொண்டுவரும் மூன்று, நாலு லீற்றரைத் திருப்பி அனுப்பாமல் ஏற்க வேண்டும் என்று பிரதேச சபைகள் தம் எல்லையிலுள்ள சேர்விஸ் நிலையங்களுக்கு ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும். சேர்விஸ் நிலையங்களும் பற்றுச்சீட்டில் வெறுமனே 'கியர் ஒயில்' என்று எழுதாமல், ஒயிலின் முழுப் பெயரையும் ஊற்றிய அளவையும் அன்றைய கிலோமீற்றரையும் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாகனத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.