தாராசுரம் படம் பற்றி, அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

தாராசுரம் கோயிலில் வரைந்த படத்தை இன்று சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். ஒருவர் விலைக்குக் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்த மார்கழிக் காலையில் நீங்களும் இருந்தீர்கள். ஆனால் எனக்கு அது எப்படி இருந்தது என்று இதுவரை சொன்னதில்லை. எட்டு மணிக்குக் கல் ரதத்தின் சக்கரத்தில் ஆரம்பித்தேன். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும், நிழலை முதலில் குறித்துவிடு என்பீர்கள். நான் ஆரக்கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு நிமிர்ந்தால் நிழல் பழைய இடத்தில் இல்லை. அதன் பின்னாலேயே ஓடினேன். சக்கரத்தில் எட்டு மணி வெயில், குதிரையில் பத்து மணி வெயில். ஒரே தாளில் இரண்டு சூரியன்.

டீ கிளாஸோடு வந்தீர்கள். ஒன்றும் பேசவில்லை. என் தட்டிலேயே அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் நீர்க்கக் குழைத்து, பெரிய பிரஷ்ஷால் நிழலுக்கு மேலிருந்து கீழே ஒரே வாஷ். மேலே வானத்தின் நீலம், தரைக்குப் பக்கத்தில் மணலின் சூடு ஏறிய பழுப்பு. சக்கர விளிம்பில் மட்டும் ஒரு கீற்று வெள்ளைத் தாள் மிச்சம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கல் எழுந்து நின்றது.

அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

பரிசு கொடுத்தவர்கள் நிழலைத்தான் புகழ்ந்தார்கள். (எந்தப் போட்டி என்பது இங்கே வேண்டாம். படிக்கிறவர்களில் அன்று அங்கே இருந்தவர்களும் உண்டு.) மேடையில் உங்கள் பெயரைச் சொல்லத்தான் நினைத்தேன், அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள். சரி, அது பொய். மைக் என் கையில்தான் இருந்தது.

மன்னித்துவிடுங்கள். ஆனால் என் தாளைத் தொடச் சொல்லி நான் கேட்டேனா? கெட்டுப்போயிருந்தாலும் அது என் படமாக இருந்திருக்கும். எட்டு வருஷமாக எங்கே ஸ்டூலைப் போட்டாலும், நிழல் போடும் நேரம் வந்ததும் உங்கள் கைக்காகக் காத்திருக்கிறேன். பாதிப் படங்களை போட்டோ எடுத்துவந்து வீட்டில்தான் முடித்தேன். போட்டோவில் நிழல் கறுத்துக் கிடக்கும், நீலமே இருக்காது. அது உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. கண்காட்சிக்கு வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்களே!

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். 1923இல் ஓவியர் மோனேவுக்குப் புரை எடுத்த பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினாராம். உங்களுக்கு எப்படித் தெரிகிறது? சொட்டு மருந்தை மறக்காதீர்கள்.

படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை கொண்டுவருகிறேன். பின்பக்கம் உங்கள் பெயரையும் எழுதியிருக்கிறேன். முன்பக்கம் எழுத மனசு வரவில்லை.