நிற்க இடம் உள்ள தெரு: நாகர்கோவில் மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், 52 வார்டுகளின் மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வடசேரியில் குடியிருக்கிறேன். பிறந்து வளர்ந்தது திங்கள்சந்தைக்குப் பக்கத்தில். அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரு என்று ஒன்று கிடையாது. விளைதான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் தென்னையும் வாழையும் அயனியும் நிற்கும். பக்கத்து வீட்டுக்குப் போக ஒற்றையடிப் பாதை. சின்ன வயதில் அகஸ்தீஸ்வரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் வீடுகள் வரிசை பிடித்துச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதை முதலில் பார்த்தேன். ஒரு திண்ணையில் இருந்தவர் எதிர்த் திண்ணையில் இருந்தவரிடம் குரலை உயர்த்தாமலே பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிடித்த தெருப் பைத்தியம் இன்றும் விடவில்லை.

அப்புறம் மெடிக்கல் ரெப் வேலை கிடைத்தது. 28 வருடம். கையில் பை, காலில் கறுப்பு ஷூ. மதுரை, சென்னை, திருவனந்தபுரம் என்று மூன்று ஊர்களின் தெருக்களில் என் காலம் போனது. டாக்டர் கூப்பிடும்வரை காத்துக் கிடப்பதுதான் அந்த வேலையில் பாதி. கிளினிக்குக்குள் நோயாளிகளுக்கே இடம் இருக்காது. நாங்கள் தெருவில்தான் நிற்போம். அப்படி நின்று நின்று எனக்குத் தெரிந்தது இதுதான்: ஒரு தெருவின் குணத்தை அதில் நிற்கிறவர்கள்தான் உண்டாக்குகிறார்கள். ஓடுகிற வண்டிக்கு எல்லாத் தெருவும் ஒன்றுதான். நம் ஊர்ச் சாலைகளை அகலப்படுத்த வேண்டும், அழகுபடுத்த வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றும். இப்போது உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

மதுரையில் இருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே தெருக்களே காலண்டர். கோயிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கு அடுத்த சுற்று ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். தேர் ஓடுகிற தெரு என்பதால் அதற்கு அந்த அகலம். மற்ற நாளில் அந்த அகலம் முழுக்க வியாபாரம். கீழமாசி வீதியில் மூட்டை இறக்குகிறவர் முதுகில் இருந்து மல்லியும் மிளகாயும் மணக்கும். மேலமாசி வீதியில் ஒரு கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் நின்றுவிட்டுத்தான் போவேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறியது அந்த வீட்டில். அதற்கு வெளியே இருக்கும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் கோட்டையை இடித்த இடத்தில் வந்தவை. 1840களில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்த சர்வேயர் பெயர் ஒரு தெருவுக்கு, மேஸ்திரி பெயர் இன்னொரு தெருவுக்கு. ஒரு மேஸ்திரியின் பெயரைத் தெருவுக்கு வைத்த ஊர் என்பதாலேயே மதுரை மேல் எனக்குத் தனி மரியாதை.

சித்திரை வீதிகளில் இப்போது வண்டி கிடையாது. கல் பாவி, நடக்கிறவர்களுக்கு மட்டும் விட்டிருக்கிறார்கள். இரவு 9 மணிக்குப் போனால் கிராமத்தில் இருந்து வந்த குடும்பங்கள் கோபுரத்தைப் பார்த்தபடி தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். நான் பார்த்ததில் மதுரைக்காரர்கள் ஊருக்குச் செய்துகொண்ட நல்ல காரியங்களில் அது ஒன்று.

சென்னையைப் பற்றி எனக்கு இரண்டு மனது. ரங்கநாதன் தெருவை எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிடுகிறேன். அங்கே நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைக் கொண்டுபோகிறது. நின்றால் பின்னால் வருகிறவர் முட்டுவார். மாம்பலம் ரயில் நிலையத்தில் இருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம் வரை 2023-இல் சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைமேடை திறந்தார்கள். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் தெருவுக்கு மேலே இன்னொரு தெரு கட்டித்தான் மனிதன் மூச்சுவிட முடியும் என்ற நிலைமை ஒரு ஊருக்கு வரவே கூடாது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பாண்டி பஜார் இருக்கிறது. 2019-இல் நடைபாதையை அகலமாக்கி, மர நிழலில் பெஞ்சு போட்டார்கள். சாயங்காலம் பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றன, வயதானவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். நம் ஊரில் யாராவது இதை மாதிரியாகக் காட்டினால் ஒன்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தெருவின் நடைபாதைக் கடைக்காரர்களை அதற்குப் பல வருடம் முன்பே ஒரு கட்டடத்துக்குள் மாற்றிவிட்டிருந்தார்கள். வளையலும் பொட்டும் துணி பெல்ட்டும் கூவி விற்ற குரல்கள் இருந்த பாண்டி பஜார் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெஞ்சு வந்தது, குரல் போய்விட்டது. இரண்டும் சேர்ந்து இருந்திருக்க முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மயிலாப்பூர் மாட வீதிகளில் அது இருக்கிறது. தெற்கு மாட வீதியில் காய்கறி, வடக்கு மாட வீதியில் நவராத்திரி நேரத்துப் பொம்மைக் கடைகள், பங்குனியில் அறுபத்து மூவர் வரும் நாளில் தெரு முழுக்கத் தண்ணீர்ப் பந்தல். வீட்டுக்காரர், கடைக்காரர், சாமி மூன்று பேரும் ஒரே தெருவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இதற்கு மேல் சென்னையைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை.

திருவனந்தபுரத்துக்கு வருகிறேன். நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பெரிய நகரம் அது. 1956 நவம்பர் 1 வரை நமக்குத் தலைநகரும் அதுதான். அங்கே கிழக்கேகோட்டையை ஒட்டி இருக்கும் சாலை என்ற இடத்துக் கடைத்தெருவை, அதாவது சாலைக் கம்போளத்தை, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு அங்கே போய்ச் சாமான் வாங்கினவர்கள் உண்டு. அதை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். அவர் பிறந்தது நம் வில்லுக்குறிப் பக்கத்துக் குன்னத்தூரில். அதாவது ஒரு தலைநகருக்கு அதன் முக்கியமான கடைத்தெருவைப் போட்டுக் கொடுத்தவர் நம் ஊர்க்காரர். இன்றும் சாலையில் கடைக்குக் கடை தமிழ் கேட்கும், அதுவும் நம் பேச்சு வாடையோடு.

ஒரு ஆடி மாதத்து மழை நாள். சாலையில் நடந்துகொண்டிருந்தபோது என் ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது. ஒரு பாத்திரக் கடையின் இறவாரத்துக்குக் கீழே செருப்புத் தைப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் உள்ளே இருந்து ஒரு முக்காலியை எடுத்து வெளியே போட்டு, "இரியும் சாரே" என்றார். அவரிடம் நான் எதுவும் வாங்கவில்லை. செருப்புத் தைப்பவர் மெழுகு தடவிய நூலை இரண்டாக மடித்து, ஊசியைக் குத்தி இழுத்து, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தட்டு தட்டினார். சுமட்டுக்காரர்கள் தலையில் மூட்டையோடு "வழி, வழி" என்று போனார்கள். பக்கத்தில் பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை இடைஞ்சலாக நினைக்கவில்லை. இறவாரம் நீண்டு இருந்தது, அதனால் நனையவில்லை. செருப்புத் தைப்பவர் எத்தனையோ வருடமாக அங்கேயே இருந்தார், அதனால் அவருக்கு அந்த இடம் சொந்தம். தெருவின் குணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அதே நகரத்தில் மாசி மாதம் ஆற்றுகால் பொங்கலுக்குப் பெண்கள் கல் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். கோயில் பக்கம் மட்டும் இல்லை, கிலோமீட்டர் கணக்கில், பெரிய ரோடுகளின் ஓரம் எல்லாம் அடுப்பு. பொங்கல் முடிந்ததும் அந்தச் செங்கல்களை அந்த ஊர் மாநகராட்சி சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. ஒரு மாநகராட்சி தன் தெருவையும் தன் மக்களையும் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்.

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டையும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். கல் பாவிய தெரு, நல்ல புத்தகக் கடைகள். நன்றாகத்தான் இருக்கிறது.

கெட்ட அனுபவமும் உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம். புதிதாக அழகுபடுத்திய ஒரு பெரிய சாலை. நடைபாதை முழுக்கப் பளபளக்கும் டைல்ஸ். மழை தூறியதும் வழுக்கி விழுந்து, வலது முழங்கால் சில்லு விட்டுப்போய், ஆறு வாரம் கட்டுப் போட்டுக் கிடந்தேன். விழுந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு மரம் இல்லை, தூக்கிவிட ஒரு தெருக்கடைக்காரர் இல்லை. எல்லாவற்றையும் அப்புறப்படுத்திச் சுத்தமாக வைத்திருந்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி வரும்வரை அப்படியே கிடந்தேன். வெயிலோ மழையோ வந்தால் அந்த முழங்கால் இப்போதும் பேசும்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

நம் ஊரில் சந்திப்புகளுக்கு எப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வேப்பமூடு. மூடு என்றால் மரத்தின் அடி. திருவனந்தபுரத்திலும் ஒரு புளிமூடு இருக்கிறது. பழைய திருவிதாங்கூர் முழுக்க இந்த வழக்கம்தான். மரத்தடியில் ஆட்கள் நின்றார்கள், நின்ற இடத்துக்கு மரத்தின் பெயர் வந்தது. நிற்பதற்கு என்று பெயர் வாங்கிய சந்திப்பு அது. அங்கே மாநகராட்சிப் பூங்காவும் இருக்கிறது. அந்தச் சந்திப்பைத் தொடும் வேலை எப்போது வந்தாலும் முதல் செலவாக நாலு வேப்பங்கன்று வைத்து, அவை நிழல் தரும்வரை கூண்டு போட்டுக் காப்பாற்றுங்கள். சிக்னலும் பளிச்சென்ற விளக்கும் அதற்கு அப்புறம் வரட்டும்.

கோட்டாற்றுக் கம்போளத்தை அகலப்படுத்தச் சொல்லிக் கேட்பார்கள். என் அபிப்பிராயம், அந்தத் தெருவுக்கு அகலம் தேவையில்லை, நேரம் வகுத்தால் போதும். லாரி சரக்கு இறக்க விடியற்காலை, மற்ற நேரம் ஆட்களுக்கு. கடை முகப்பும் இறவாரமும் போய்விட்டால் கோட்டாறு வெறும் பைபாஸ் ஆகிவிடும். டிசம்பரில் சவேரியார் தேர் வரும்போது பின்னால் நேர்ச்சைக்காக ரோட்டிலேயே உருண்டு வருகிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தையில் நாகராஜா கோயில் தேர் வடத்தைச் செருப்பில்லாத கால்கள்தான் இழுக்கின்றன. மனிதன் உடம்பு படுகிற ரோடு இது. ஜல்லி துருத்தாமல், சாக்கடை மூடி ரோட்டு மட்டத்துக்கு இருக்கும்படி போட வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

மணிமேடையில் கலைவாணர் சிலையாக நிற்கிறார். ஒழுகினசேரிக்காரர், இந்தத் தெருக்களில் நடந்து வளர்ந்த மனுஷன். அவர் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று, அவர் யார் என்று பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு தாத்தாவுக்கு இடம் வேண்டும். அங்கே பஸ்ஸுக்கும் பைக்குக்கும் நடுவில் தாத்தா பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடத்தான் முடிகிறது.

இனி என் அம்மாவைப் பற்றி. வயது 81. வாரத்துக்கு இரண்டு முறை கனகமூலம் சந்தைப் பக்கம் போக வேண்டும் அவளுக்கு. மட்டிப்பழம் வாங்க. கடைக்குப் போய் வாங்கி வருகிறேன் என்றால் கேட்க மாட்டாள். அவளுக்கு ஒரு பழக்காரி இருக்கிறார். சாக்கை நாலாக மடித்துப் போட்டு, குடையை விளக்குக் கம்பத்தோடு கயிற்றுப் பிரியால் கட்டி, அதன் கீழே உட்கார்ந்திருப்பார். அம்மா குனிந்து ஒவ்வொரு சீப்பாக முகர்ந்து பார்ப்பாள். பழக்காரி ஒரு பழத்தைப் பிய்த்து, தோலை உரித்து, அம்மா கையில் வைப்பார். விலை பேசி முடியக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அவர் மகள் பிரசவம், எங்கள் வீட்டு மாடி ஒழுகுவது எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். அந்தக் கால் மணி நேரமும் நான் முதுகைக் காட்டி, வருகிற பைக்குகளுக்கு மறைப்பாக நிற்பேன். போன வாரம் திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்: "ரெண்டு பேரு நின்னு பேசதுக்கு ஒரு முழம் எடம் போரும் மக்கா. அது கூட இல்லியே."

அந்த ஒரு முழத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்தியச் சாலைகளுக்கான விதிமுறையே நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் கேட்கிறது. அம்மா கேட்டதைவிட அது அதிகம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைகிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெருவுக்கு வரைபடம் போட்டாலும் அந்தக் குழுவைக் கூட்டி, அந்தப் பழக்காரி மாதிரி ஆட்களை நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். வெயில் எந்த நேரத்தில் எந்தச் சுவரில் அடிக்கும், மழைத் தண்ணீர் எங்கே தேங்கும், பஸ்ஸில் இருந்து இறங்குகிற கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும். எந்தக் கன்சல்டன்ட்டும் நாள் முழுக்க அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

உங்களில் யாராவது ஒருவர், முடிந்தால் வரைபடம் போடுகிற பொறியாளரையும் கூட்டிக்கொண்டு, ஒரு செவ்வாய் அல்லது வெள்ளி சாயங்காலம் 5 மணிக்கு அங்கே வாருங்கள். காரைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். குடை கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் நாங்கள் நிற்போம். பழம் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வடசேரிவாசி ஒருவன்