ஒரே குமிழ், ஊருக்கெல்லாம் ஒரே சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் கோயில் ஒலிபெருக்கி பற்றிய புகார்களும் கூடவே வந்துவிடுகின்றன. யாராவது போய்ச் சொன்னால் மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபையரின் குமிழைக் குறைக்கிறார். கூழ் ஊற்றும் இடத்தில் அறிவிப்பு கேட்கவில்லை என்று அடுத்த நிமிடமே விழாக்குழு ஏற்றச் சொல்கிறது. இரண்டு தரப்பும் சொல்வது நியாயம்தான். எல்லாக் குழாய்களையும் (கூம்பு ஒலிபெருக்கிகளையும்) ஒரே லைனில், ஒரே அளவில் கட்டியிருப்பதுதான் கோளாறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சத்தம் வைக்கலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

மைக்செட் ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் 4, 8, 16 ஓம் முனைகளோடு 100 வோல்ட் லைன் முனையும் இருக்கும். நீண்ட தூரத்துக்கு அந்த முனைதான் சரி. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 100 மீட்டர் இழுத்தால், போக வர ஏறக்குறைய மூன்றரை ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கரில் மூன்றில் ஒரு பங்கு வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 100 வோல்ட் லைனில் 30 வாட் குழாயின் மின்மறுப்பு (மாறுமின்சாரத்துக்குக் காட்டும் தடை) 333 ஓம் என்பதால் இழப்பு ஒரு சதவீத அளவுதான். இந்த லைனில் வரும் குழாய் யூனிட்டுடன் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதில் 30, 15, 7.5 வாட் என்று டேப்புகள் (வாட்டைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு முனைகள்) இருந்தால், வீட்டுப் பக்கம் உள்ளதை 7.5-லும் தேர்முட்டிப் பக்கம் உள்ளதை 30-லும் கட்டலாம். ஆம்பை அணைத்த பிறகே டேப்பை மாற்ற வேண்டும். முழுச் சத்தத்தில் லைனில் 100 வோல்ட் வரை ஓடும், கை வைத்தால் ஷாக் அடிக்கும்.

"டேப்பை மாற்றியும் வித்தியாசம் தெரியவில்லை" என்பார்கள். பெரிதாகத் தெரியாதுதான். வாட் பாதியானால் குறைவது 3 டெசிபல். காதுக்குப் பாதிச் சத்தமாகப் படவேண்டுமானால் 10 டெசிபல், அதாவது வாட் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். அதற்கு லைனுக்கும் குழாய்க்கும் நடுவே 100 வோல்ட் வால்யூம் கண்ட்ரோல் பெட்டி தேவை. டிரான்ஸ்ஃபார்மர் வகையாக வாங்குங்கள். படிப்படியாகக் குறையும், குரலும் கெடாது. பெட்டியின் வாட், அதன் கீழுள்ள குழாய்களின் கூட்டுத்தொகைக்குக் குறையக் கூடாது. நான்கு 15 வாட் குழாய்க்கு 60 வாட் பெட்டியாவது வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிக் கருகும். மின்விசிறி ரெகுலேட்டரை மாட்டிப் பார்க்கும் யோசனை வேண்டாம். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது, பேச்சுக்கும் பாட்டுக்கும் ஆகாது.

கோயில் உள்பக்கம், பந்தி, தெரு என மூன்று ஜோடி ஒயர்களை ஆம்பிலிருந்தே தனியாக இழுத்து, மூன்று பெட்டிகளையும் ஆம்புக்குப் பக்கத்திலேயே வைப்பது நல்லது. கம்பத்தின் உச்சியில் பெட்டியைக் கட்டிவிட்டால் இரவில் யார் ஏறித் திருகுவது?

குழாய்களின் மொத்த வாட், ஆம்பின் வாட்டில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். 250 வாட் ஆம்புக்கு 200. நாடகத்துக்காகக் கொண்டுவந்த 8 ஓம் ஸ்பீக்கர் பாக்ஸை அவசரத்தில் இந்த லைனிலேயே சொருகுவதுதான் பெரிய ஆபத்து. கணக்குப்படி அது 1,250 வாட் இழுக்கும். பாக்ஸின் கம்பிச்சுருள் கருகிப் போகும், பல சமயம் ஆம்பும் சேர்ந்து போகும். 8 ஓம் முனையையும் 100 வோல்ட் முனையையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதும் ஓவர்லோடுதான்.

இனி சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் அதற்குமேல் 10 கூடலாம், ஆக 65. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 106 டெசிபல் தரும் குழாய்க்கு 15 வாட் கொடுத்தால் 10 மீட்டரில் 98 வரும். 33 டெசிபல் அதிகம்! டேப் மாற்றி இதைச் சரிக்கட்ட முடியாது. வீட்டு ஓரத்தில் குழாயையே எடுத்துவிட்டு, கூட்டம் நிற்கும் இடத்தில் சிறு பெட்டி ஸ்பீக்கர்களைத் தாழ்வாக, தரையைப் பார்த்துக் கட்டுவதே வழி. தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஆள் அருகில் ஸ்பீக்கர் இருந்தால் அரை வாட்டே போதும். தூரத்துக் குழாயின் சத்தம் 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி பிந்தி வந்து, பேச்சைக் குழப்பும் தொல்லையும் இதில் குறையும்.

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது பொது விதி. பண்டிகைக் காலத்தில் மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. மார்கழி அதிகாலைப் பாட்டுக்கு இதில் இடமில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அனுமதி தரும் அதிகாரிகள் குழாய்களின் எண்ணிக்கையோடு இன்னொன்றையும் கேட்கட்டும்: தெருப் பக்கத்து லைனுக்குத் தனிக் கண்ட்ரோல் உண்டா, அது யார் கையில் இருக்கும்?

இப்படிக்கு,
ஒலி அமைப்புத் தொழிலாளர்கள் சிலர்