நைட்ரஜன் அறையில் தனியாக நிற்காதே

அன்பு மகளுக்கு,

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும், சரி. அம்மாவுக்கு முழங்கால் தேவலை. திரவ நைட்ரஜன் இருக்கும் அறையில் ராத்திரி தனியாக நிற்காதே. அது ஆவியானால் ஏறக்குறைய 700 மடங்கு விரியும். வாசனை கிடையாது, மூச்சுக்காற்று குறைவதே தெரியாது. உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துகிற மீகடத்திக்காக நீ வளர்க்கிற படிகம், உலையிலிருந்து இந்தத் தடவையும் பொடிப்பொடியாகத்தான் வந்தது என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. உடன்குடி ஆச்சி கற்கண்டுக்காகப் பானைக்குள் நூல் கட்டிப் பாகு ஊற்றி வைத்தால் நாற்பது நாள் யாரையும் அண்டவிட மாட்டாள். நான் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். கல் கட்டவில்லை, வெறும் சீனியாக அடியில் கிடந்தது. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் மறுபடி அடுப்பு மூட்டினாள்.

பெட்நோர்ஸ், முல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் புது மீகடத்தியை 1983-இல் தேட ஆரம்பித்தார்கள். 1986 ஜனவரியில்தான் அந்தத் தாமிர ஆக்சைடு கிடைத்தது. முல்லருக்கு அப்போது வயது 58. அதே வகைப் பொருளைப் பிரான்சில் ராவோ என்ற விஞ்ஞானியின் குழு முன்பே செய்து கையில் வைத்திருந்தது, அத்தனை குளிரில் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அப்படிப்பட்டவன்தான் 2023 ஜூலையில், மீகடத்தி என்று கொரியாக்காரர்கள் சொன்ன எல்கே-99 என்ற பொருள், காந்தத்தின் மேல் மிதக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, சித்தப்பா பக்கத்தில் இருக்கும்போதே உனக்குப் போன் போட்டேன். “அறை வெப்பத்திலேயே அவன் சாதித்துவிட்டான், நீ இன்னும் உலையைக் காத்துக்கொண்டிருக்கிறாய்” என்றேன். “பொறுங்கப்பா, மின்தடை சுழியாகுதான்னு பார்க்கணும்” என்றாய். அடுத்த மாதமே ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் அதையே கலப்பில்லாத படிகமாக வளர்த்துக் காட்டினார்கள். ஊதா நிறம், கண்ணாடி மாதிரி, மின்சாரமே கடத்தாத பொருள். கொரியாக்காரர்களின் பொருளில் மின்தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த தாமிர சல்பைடு. நீ சொன்னதுதான் சரி.

அன்றைக்கே கூப்பிட்டு, நான் பேசியது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதற்கப்புறம் என்னிடம் நீ மழையையும் சாப்பாட்டையும் தவிர எதுவும் பேசுவதில்லை. தப்பு என் மேல்தான், அம்மாடி.

கற்கண்டு ஒரு கிலோ பார்சலில் வருகிறது. பொடியாக வந்ததையும் தூரப் போடாதே, ஒருமுறை அளந்து பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அந்த அறைக்குப் போனால் கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போ.

அப்பா