தார்த்திட்டையும் சினையாகக் கொள்ளுங்கள்

சிங்கி இறால் பிடிப்புக்கு விதி வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலில் இறால் பிடிக்கும் பொறிக்கூடு போட்டுப் பிழைப்பவன் எழுதுகிறேன். வயிற்றடியில் சினை ஒட்டியிருக்கும் பெண் இறாலைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்கிறீர்கள். நல்ல விதிதான், ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இனப்பெருக்கக் காலத்தில், சிங்கி இறாலில் பனுலிரஸ் என்னும் வகையின் பெண் இறால் ஒன்றை மல்லாத்திப் பாருங்கள். கால்களுக்கு நடுவே, நெஞ்சில், காய்ந்த தாரை அப்பியது போல ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். இணை சேரும்போது ஆண் ஒட்டிவிட்டுப் போன விந்துத் திரள் அது. முதலில் கொழகொழவென்று இருந்து, பிறகு இறுகிக் கறுத்துவிடும். முட்டையிடும் நேரம் வந்ததும் பெண் தன் கடைசிக் கால் நுனியிலுள்ள குட்டிக் கொடுக்கால் அதைச் சுரண்டும். விந்து வெளிப்பட, முட்டைகள் கருவுற்று வயிற்றடி மயிர்களில் ஒட்டிக்கொள்ளும். (ஆணுக்கு அந்தக் கொடுக்கு கிடையாது. இரண்டையும் பிரித்தறிய நாங்கள் பார்ப்பதும் அதைத்தான்.)

திட்டு சுரண்டப்படாமல் முழுசாக இருந்தால், முட்டை இனிமேல்தான் வரப்போகிறது. அந்த இறாலை இன்று நான் பெட்டியில் போட்டால் தப்பில்லை. அதே இறாலைச் சில நாள் கழித்துப் பிடித்து வைத்தால் குற்றம்! இது என்ன கணக்கு?

இன்னொன்றும் நடக்கிறது. ஆரஞ்சு நிறச் சினையை வழித்துப் போட்டுவிட்டு, 'சினை இல்லையே' என்று கைவிரிப்பவர்கள் இருக்கிறார்கள். வயிற்றைத் துடைக்கலாம், நெஞ்சில் இறுகிய திட்டு அவ்வளவு லேசில் போகாது. சுரண்டியதோ முழுசோ, திட்டு இருந்தாலே விட வேண்டும் என்று எழுதிவிட்டால் வழிப்பதில் லாபமே இருக்காது.

பெரிய பெண் இறால் ஒரே ஈட்டில் பல லட்சம் முட்டை இடும். வெதுவெதுப்பான கடலில் ஒரு பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் இடும். பொரிந்து வரும் கண்ணாடி இலை போன்ற குஞ்சுகள் மாதக்கணக்கில் நடுக்கடலில் மிதக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலிய இனத்தில் இது 9 முதல் 11 மாதம். கரை சேர்பவை சொற்பம். அதனால் பெண் இறாலுக்குக் குறைந்தபட்ச அளவு மட்டும் போதாது, உச்ச அளவும் வேண்டும்; அதைத் தாண்டிய பெரிய பெண்ணையும் விட்டுவிட வேண்டும்.

தடைக்காலத் தேதியையும் ஒருமுறை பாருங்கள். ஃபுளோரிடாவில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 5 வரை என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் நீர் சீக்கிரம் சூடேறும் ஆண்டில் இறால் நாள்காட்டி பார்ப்பதில்லை. கூட்டில் ஏறும் பெண்களில் எத்தனைக்குத் திட்டு விழுந்திருக்கிறது என்று வாராவாரம் எண்ணினாலே பருவம் தொடங்கியது தெரிந்துவிடும். நோட்டும் பேனாவும் நானே கொண்டு வருகிறேன். என் கணக்கை வாங்கிக்கொள்ள ஓர் ஆளைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கூடு போடும் மீனவன்